மாட்டுப் பொங்கலன்று எரியாத அடுப்பு

அத்தான் எங்கள் வீட்டு முற்றத்தில் முதன்முதலாக இறக்கி வைத்த சாக்குமூட்டை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் அது. மாமனார் வீட்டோடு தங்க வருகிற மாப்பிள்ளை என்றால் ஒரு பெட்டி, நாலு சட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று வருவார், இல்லையா? இவர் ஆட்டோ நின்றதும் அக்காவின் பெட்டியைக்கூடத் தொடாமல் அந்த மூட்டையைத்தான் முதலில் தூக்கினார். இறக்கிய இடத்தில் பொடி உதிர்ந்தது. கறுப்பும் பழுப்புமாக, விரலால் தொட்டால் ஈரமாய் ஒட்டிக்கொள்கிற பொடி. "இது எந்தா அத்தான்?" என்று கேட்டேன். "கரி, கொழுந்தியா. எங்க ஊரு கரி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்குள் மிளகு மூட்டை வரும், சுக்கு வரும், அரிசி வரும். கரியைச் சுமந்துகொண்டு வந்த மாப்பிள்ளை இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

என் புத்தி அப்படிப்பட்டது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால்காரர் வீட்டில் பிறந்தவள் நான். பாலில் தண்ணீர் கலந்தாயா என்று ஊரே எங்களைக் கேட்கும். கேட்டுக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, யார் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா போனபிறகு வீட்டில் அப்பா, அக்கா, நான், நான்கு மாடுகள். பஜார் கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சந்தில் எங்கள் வீடு, வீட்டை ஒட்டியே தொழுத்து. தமிழ்நாட்டில் தொழுவம் என்பார்களே, அதுதான். மூன்று தலைமுறையாக அந்தச் சந்தில் தமிழ் பேசிக்கொண்டு மாடு வளர்த்தோம். அக்காவுக்கு வரன் பார்த்தபோது அப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார், மாப்பிள்ளை இங்கே வந்து மாடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நெய்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்து அது முடிந்துபோன ஒருவர் அதற்குச் சம்மதித்தார். சம்மதித்த உடனேயே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சொந்த ஊரை விட்டு, பேச்சு புரியாத ஊரில், மாமனார் வீட்டில் வந்து உட்கார ஒருவன் ஒப்புக்கொள்கிறான் என்றால் அவன் கண் எதன்மேல் இருக்கும்? தொழுத்து நின்ற இடத்தின்மேல்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த இடத்துக்கு அப்போது வேறொரு ஆபத்தும் வந்திருந்தது. முன்பெல்லாம் சாணத்தைத் தென்னந்தோப்புக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் வருவது நின்றதும் சாணமும் கழுவின தண்ணீரும் கால்வாயில் போகத் தொடங்கின. சந்தில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். சுகாதார அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பொங்கல் முடிவதற்குள் ஏதாவது வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனுஷர் இல்லை. முதல் கையெழுத்துப் போட்ட எதிர்வீட்டுச் சேச்சி புகாரை வாபஸ் வாங்கினால் தனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றுகூடச் சொன்னார். அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மாடு போய்விட்டால் அப்பா என்ன செய்வார் என்று அக்காவும் நானும் யோசிக்கக்கூடப் பயந்தோம்.

அத்தான் அந்த நேரத்தில்தான் தன் யோசனையைச் சொன்னார். சாணத்தைத் தொட்டியில் போட்டு மூடினால் எரிவாயு வரும். அதைக் குழாய் போட்டு அந்த மூன்று வீட்டுக்கும் அடுப்பெரிக்கக் கொடுத்துவிடலாம். அவர்கள் புகாரை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுகிற கசடைக் காயவைத்துச் செடிக்கு விற்கலாம். இதுவரை சரி, சாண எரிவாயு எல்லோரும் கேள்விப்பட்டதுதான். நான்கு மாட்டுச் சாணத்தில் மூன்று வீட்டு அடுப்பு எரியுமா என்று அப்பா கேட்டார். "பத்தாது மாமா. அதுக்குத்தான் கரி" என்றார் அத்தான். செங்கல் சூளைக்காரனே வேண்டாம் என்று ஒதுக்கிப்போட்ட மட்டமான நிலக்கரித்தூள். அதைப் பழைய சாணக் கரைசலில் ஊறவைத்துத் தொட்டிக்குள் விட்டால், சாணத்தில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கரியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கூடுதலாக வாயு விடுமாம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "கரியைத் தின்னுட்டு ஏப்பம் விடற பூச்சியா? நல்ல கதை!" என்றேன். "பாரு கொழுந்தியா, நீயே பாப்ப" என்றார். கோபமே வராது அவருக்கு. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சிமெண்டுத் தொட்டி கட்டினார். அதற்குள் கவிழ்த்து வைத்த பெரிய டிரம், வாயு சேரச் சேர மேலே ஏறும், எரித்தால் கீழே இறங்கும். தொழுத்துச் சாக்கடையைத் திருப்பித் தொட்டியின் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். காலையில் சாணத்தைக் கரைத்து ஊற்றும்போது ஒருத்தரையும் பக்கத்தில் சேர்க்க மாட்டார். கரி மூட்டையைப் பூட்டின அறையில் வைத்து, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். எவ்வளவு கரி, எவ்வளவு சாணம், எத்தனை நாள் ஊறல் என்று ஏதோ ஒரு கணக்குத் தப்பாமல் இருக்க வேண்டும் என்பார். எனக்கு அது வித்தை காட்டுகிறவன் பேச்சு மாதிரிதான் பட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தேன் என்றால் மிகையில்லை. பால் ஊற்றிவிட்டு வந்ததும் தொழுத்துச் சுவரோரமாகப் போய்க் காதை வைப்பேன். ஜன்னல் ஓட்டை வழியாகப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு சிலிண்டரை ஒளித்து வைத்திருக்கிறாரா என்று வைக்கோல் போரைக் கையால் துழாவிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது பூட்டு சரியாக விழாமல் கிடந்தது. உள்ளே போனேன். இரண்டு பிளாஸ்டிக் கேன்கள், இரண்டின் வாயிலும் பழைய சைக்கிள் டியூபைக் கட்டியிருந்தார். ஒரு கேனில் வெறும் சாணம், இன்னொன்றில் கறுப்பாகக் கரி கலந்த சாணம். கரி கலந்த கேனின் டியூப் நன்றாக உப்பியிருந்தது, மற்றது பாதிகூட உப்பவில்லை. இன்றைக்கு யோசித்தால் அந்த மனுஷன் எவ்வளவு நேர்மையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று புரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு என் கண்ணில் பட்டதோ, மூலையில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் பம்ப். அவர் சைக்கிளில் போகிறவர், வீட்டில் பம்ப் இருக்காதா? அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. பிடிபட்டார் என்று குதித்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "பம்ப் வெச்சு அடிச்சு ஊத வெக்கறாராக்கும், கேட்டியா?" என்றேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நீ போய் உன் வேலையைப் பாரு" என்றாள். ஆனால் அதற்குப்பிறகு அவள் அரிசியைப் புடைக்கவில்லை, முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதையும் நான் பார்த்தேன்.

மார்கழிக் கடைசியில் எங்கள் வீட்டு அடுப்பு அந்த வாயுவில் எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நீலமாக, புகையில்லாமல் எரிந்தது. அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு அத்தான் வாக்குக் கொடுத்தார். மாட்டுப் பொங்கலன்று தொழுத்தில் வைக்கிற பொங்கலை இந்த வாயுவிலேயே வைப்போம், நீங்களே வந்து பாருங்கள், பானை பொங்கினால் புகாரை எடுத்துவிடுங்கள் என்று. எதிர்வீட்டுச் சேச்சி, "எந்தாயாலும் பொங்கட்டே, நோக்காம்" என்று சிரித்தாள். எப்படியோ பொங்கட்டும், பார்க்கலாம் என்று அர்த்தம். அப்பா அன்று ராத்திரி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

போகியன்று தொழுத்தைக் கழுவுவது எங்கள் வீட்டில் மூத்த பெண்ணின் வேலை. அக்கா கழுவினாள். அத்தான் அவளிடம் மட்டும், வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், வேறு எதுவும் கலக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒன்றுக்கு மூன்று கேள்வி கேட்பேன் என்று விட்டிருப்பார். அக்கா கழுவிவிட்டுக் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்கக் கடைக்குப் போனபிறகு நான் உள்ளே போய்ப் பார்த்தேன். தரையில் கறுப்புக் கறையாகக் கரித்தூள் இழுவிக் கிடந்தது. மூன்று வீட்டுக்காரர்கள் வந்து நிற்கப்போகிற இடம். போகியன்று பினாயில் ஊற்றாமல் தொழுத்தைக் கழுவினதாக எங்கள் வீட்டில் சரித்திரமே கிடையாது. அம்மா இருந்தால் இந்தக் கோலத்தில் விடுவாளா? இந்த ஆளின் கரி நாற்றத்தை இன்றோடு ஒழிக்கிறேன் என்று இரண்டு பாட்டில் பினாயிலையும் கவிழ்த்து, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் விட்டேன். எல்லாம் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு சாக்கடை வழியாகத் தொட்டிக்குள் போனது. அந்தப் பினாயில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

மறுநாள் வீட்டுப் பொங்கல், டிரம்மில் ஏற்கெனவே சேர்ந்திருந்த வாயுவில் நன்றாகவே வெந்தது. டிரம் தரைதட்டி இறங்கியது. அடுத்த நாள் மாட்டுப் பொங்கல், விடியும்போது பார்த்தால் டிரம் மறுபடி ஏறி நிற்கிறது. அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டோம். மூன்று வீட்டுக்காரர்களும் குடும்பத்தோடு வந்து தொழுத்து வாசலில் நின்றார்கள். அடுப்பின்மேல் பானை. அத்தான் திருகைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்தார். பக்கென்று ஒரு சின்னச் சுடர் எழும்பி அணைந்தது. மறுபடி கிழித்தார். குழாயிலிருந்து புஸ்ஸென்று காற்று வருகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது, ஆனால் தீ பிடிக்கவில்லை. ஒரு பெட்டித் தீக்குச்சி தீர்ந்தது.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "காத்துக்குத் தீ பிடிக்குமா? சைக்கிள் பம்ப் வெச்சு அடிச்சு ஏத்தின டிரம்மாக்கும் இது!" என்று, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். நேற்று எரிந்ததே என்று யாரோ கேட்டதற்கு, நேற்று எந்தச் சிலிண்டரோ யார் கண்டது என்றேன். பம்ப் இருக்கிற அறையைக்கூடக் கை நீட்டிக் காட்டினேன். ஒருவர் போய் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை, எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். நான் சொன்னதற்கு அத்தான் மறுப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். குட்டு வெளிப்பட்டவன் பெண்டாட்டி முகத்தைத்தான் பார்ப்பான் என்று எனக்குள் அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பொங்கலை வீட்டுப் பழைய விறகடுப்பில் வைத்து எடுத்து வந்து மாடுகளுக்குக் கொடுத்தோம். சந்தில் யாரும் குலவையிடவில்லை.

தை பாதியில் மாடுகள் போயின. அக்காவும் அத்தானும் கொச்சிக்குத் தெற்கே கும்பளங்கிக்குப் போய்விட்டார்கள், அங்கே ஒரு மீன் பண்ணையில் அவருக்கு வேலை கிடைத்தது. போகும்போது அவர் என்னிடம், "வரேன் கொழுந்தியா" என்று எப்போதும் போலத்தான் சொன்னார். அப்பா அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். விடியற்காலையில் எழுந்து, கறக்க மாடில்லாமல், வெறும் தொழுத்துக்குள் போய் நின்றுவிட்டு வருவார். ஏமாற்றுக்காரன் ஒருத்தனால் வந்த வினை என்று நான் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா காரியத்துக்கு அக்கா வந்தாள், முடிந்ததும் போனாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. போன் செய்தால் எடுப்பாள், சாப்பிட்டியா என்பாள், வைத்துவிடுவாள். தொழுத்து நின்ற இடத்தில் இப்போது வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கிற கடை ஒன்று இருக்கிறது. இடத்தை விற்றதில் அத்தான் தன் பங்கென்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைக்கூட நான், எந்த முகத்தோடு கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

நான் இப்போது இடப்பள்ளியில் ஒரு பெண்கள் விடுதியின் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதம் மிச்சச் சோறு, காய்கறிக் கழிவு போட்டு வாயு எடுக்கிற தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். வைக்க வந்த பெண் என் வயசுக்காரி, மலையாளி, இந்த வேலையில் ஊறினவள். எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியாக, சோப்புத் தண்ணீர், பினாயில் ஒரு சொட்டுக்கூட இதில் விழக்கூடாது என்றாள். விழுந்தால் எரிகிற வாயு விடுகிற பூச்சிகள்தான் முதலில் சாகும், மற்றதெல்லாம் பிழைத்துக்கிடக்கும். அதனால் டிரம் வழக்கம்போல ஏறி நிற்கும், ஆனால் உள்ளே இருப்பது எரியாத காற்று, தீக்குச்சி கிழித்தால் அணைந்துபோகும் என்றாள். நான் கையில் வைத்திருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அப்படியானால் கரி போட்டால் என்று கேட்டேன். மட்டமான நிலக்கரித் தூளையும் சாணத்தையும் சேர்த்துப் போட்டால் வாயு கூடும் என்று அங்கங்கே சோதித்துப் பார்க்கிறார்கள், அளவு தெரிந்து செய்ய வேண்டும் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் அன்று சமைத்த சாம்பாரில் உப்பே போடவில்லை என்று பெண்கள் அப்புறம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துக் கும்பளங்கிக்குப் போனேன். வழியெல்லாம் அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்ன நினைத்தாளோ. அந்த ஊரில் எத்தனையோ வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி இருக்கிறது. அத்தான் வீட்டில் மட்டும் வாசலோரம் சிலிண்டர் நின்றது. அவர் கட்டிலில் உட்கார்ந்து வலையில் சிக்கின குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், தலை நரைத்துவிட்டது. அக்கா உள்ளே மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பினாயில் ஊற்றியது நான்தான், இரண்டு பாட்டில், அக்கா கடைக்குப் போனபிறகு, நீங்கள் ஏமாற்றவில்லை, நான்தான் எல்லோரையும் கெடுத்தேன் என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன், முகம் வெளுத்துப்போயிற்று. "நீயா?" என்றார். "பொங்கலன்னிக்குக் காலையில தொட்டி மூடியத் தொறந்ததுமே பினாயில் வாசன மூக்குல அடிச்சுது கொழுந்தியா. உங்கக்காகிட்ட போயி என்னா ஊத்துனன்னு கேட்டேன். வெறும் தண்ணிதான்னா. கழுவுனவ அவதான? பொய் சொல்றான்னு நெனச்சுட்டேன். எம்மேல நம்பிக்க இல்லாம ஊத்திட்டு மறைக்கிறான்னு." அப்பாவுக்கு முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல்தான் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றதாகச் சொன்னார்.

உள்ளே அரிவாள்மனைச் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அக்கா ஈரக்கையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அப்போ அந்த டிரம்முல நீங்க காத்தடிக்கலையா?" என்று அவரைக் கேட்டாள். அன்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளிடம் நான் போய்ச் சொன்னதை அவள் பதினாலு வருஷமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு அந்த மனுஷருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அத்தான் அவளையே பார்த்தார். "அப்போ நீ ஊத்தலையா?" என்றார்.

எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. மன்னித்துவிடு அக்கா என்று ஏதோ உளறினேன். ஒரு வாய் சாயா குடித்துவிட்டுப் போகிறேன் என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன், என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல். அக்கா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. "இன்னிக்கு வேண்டாம். நீ போ" என்றாள்.

முற்றத்தைக் கடக்கும்போது பின்னால் அவள் குரல் உடைந்து கேட்டது. "வாசனை அடிச்சுதுன்னு அன்னிக்கே ஏன் என்கிட்ட சொல்லலை நீங்க? ஏன் சொல்லலை?" அத்தான் என்ன பதில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. சுவரோரம் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் கேட்டிருக்கும். நான் நிற்கவில்லை. காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.